நல்லம்மாளுக்காக உட்கார்ந்தவள்

நிபோங் திபால்
4-8-1932

இல்லை, காய்ச்சல் ஒன்றும் இல்லை. தலைசுற்றலும் இல்லை. அண்ணனுக்கு நீங்கள் போட்ட கார்டை அவர் என்னிடம் படித்துக் காட்டவில்லை. மேசைமேல் வைத்துவிட்டுத் தோட்டத்து ஆபீஸுக்குப் போய்விட்டார். நானே எடுத்துப் படித்தேன். வெக்கையில் பட்டுச்சேலையோடு நெடுநேரம் உட்கார்ந்ததில் வடிவுக்கு மயக்கம், நாலு நாள் ஓய்வுக்குப் பிறகு அனுப்பி வைக்கவும் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு மயக்கம் வரவில்லை. அன்றைக்கு என் தலை தெளிவாக இருந்தது. கஷ்டம் அதுதான்.

அண்ணி கேட்கிறாள்.

"அடிச்சாரா?"

"இல்லை அண்ணி."

"வேற பொம்பளையா?"

"இல்லை."

"குடியா?"

"அதுவும் இல்லை."

"அப்புறம் என்னத்துக்குடி பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்த? எனக்கு இப்படி ஒருத்தர் கிடைச்சிருந்தா கோயில் கட்டியிருப்பேன்லா."

அவளுக்குத் தெரிந்தது பினாங்கு முழுக்கத் தெரிந்ததுதான். போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று வீட்டுப் பெண்களை யாரும் போட்டோ பிடிக்க விடுவதில்லை. செத்த பிறகு மாலை போட ஒரு படம் வேண்டியிருக்கிறது. அப்போது அவளுடைய சேலையும் ரவிக்கையும் நகையும் எடுத்துக்கொண்டு உங்கள் மாடிக்கு வருகிறார்கள். அவற்றை உடுத்திக்கொண்டு நான் உட்காருகிறேன். அவர்கள் சுற்றி நின்று, மூக்கு இன்னும் கொஞ்சம் எடுப்பு, மோவாய் இவ்வளவு இல்லை என்கிறார்கள். நீங்கள் படம் எழுதுகிறீர்கள். கார்த்திகேசு தூரிகை எடுத்தால் செத்தவள் எழுந்து வருவாள் என்று ஊர் சொல்கிறது. எழுந்து வருகிறவள் நான்.

இதற்குமேல் நடந்ததை அண்ணியிடம் சொல்ல முடியாது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இருந்தாலும் எழுதுகிறேன்.

அரிசி மண்டிப் பழனியப்பன் மற்றவர்கள் மாதிரி ஒரு நாள் வந்து மூக்கையும் மோவாயையும் சொல்லிவிட்டுப் போகவில்லை. தினமும் வந்தார். தன் மனைவி நல்லம்மாள் தலையைக் கொஞ்சம் சாய்த்திருப்பாள் என்றார். நீங்கள் "சாய்" என்றீர்கள். சாய்த்தேன். இடது கையை மடிக்குள் ஒளித்தாற்போல வைத்திருப்பாள் என்றார். வைத்தேன். போன வெள்ளிக்கிழமை அவர் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தார். என் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டார். நல்லம்மாளின் சேலை நுனி.

"நல்லம்மா, சுடச்சுட விளக்குச் சிம்னியை உன் கையில வச்சு அழுத்தினேனே. குடிச்சிருந்தேன். தெரியாம பட்டுடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். தெரிஞ்சுதான் வச்சேன். மன்னிச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

நான் உங்களைப் பார்த்தேன். தூரிகையைத் தூக்கிப் பிடித்திருந்தீர்கள். தலையை அசைத்தீர்கள். மோவாயைத் தூக்கு என்பதற்கு அசைக்கிற அதே அசைப்பு.

"மன்னிச்சுட்டேன்" என்றேன்.

அவர் அழுதார். நீங்கள் எழுதினீர்கள். மறுநாள் காலை நான் ரயிலேறினேன்.

நல்லம்மாள் செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. அவள் சொல்லாததை அவள் சேலையைக் கட்டிக்கொண்டு நான் சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொன்னது நீங்கள்.

வடிவம்மாள்


பிட் ஸ்திரீட், பினாங்கு
9-8-1932

அன்புள்ள வடிவு,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம் வந்தது. பிறகு பசி வந்தது. நீ போனதிலிருந்து பள்ளிவாசல் பக்கத்துக் கடைச் சோறுதான். கீழே படங்களுக்குச் சட்டம் போடும் மீரா சாகிப் மாடிப்படியில் நின்று விசாரிக்கிறார். "என்ன ஓய், வீட்டம்மா இல்லாம சோறு பொங்கினீரா, இல்ல அதையும் வரைஞ்சு மாட்டிக்கிட்டீரா?" அவருக்குச் சிரிப்பு. சிரிக்கட்டும்.

நீ எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அப்படி என்ன நடந்துவிட்டது? நாடகத்தில் ஒருவன் ராஜாவைக் கொன்றால் திரை விழுந்த பிறகு போலீஸா வருகிறது? ஆயர் ஈத்தாம் கிழவருக்காக அவருடைய செத்துப்போன மகளாக உட்கார்ந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? அவர் உன் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்தார். நீ குனிந்து வாங்கிக்கொண்டாய். அதைத் திருப்பிக் கொடுத்தாயா? அதுவும் உன்னுடையது இல்லையே.

ஒரு மனிதன் வருஷம் முழுவதும் நெஞ்சில் வைத்துப் புழுங்கியதை இறக்கி வைத்தான். நீ ஒரு சொல் சொன்னாய். அவன் எழுந்து, முகத்தைத் துடைத்து, படியிறங்கிப் போனான். செத்தவளுக்கு இதில் என்ன குறைந்தது?

எனக்கும் ஒரு காரணம் இருந்தது. மறைக்க மாட்டேன். அந்தச் சொல்லைச் சொல்லும்போது உன் முகத்தில் ஒன்று வந்தது. இத்தனை வருஷம் உன்னைப் பார்த்து எழுதியிருக்கிறேன், அதைப் பார்த்ததில்லை. நல்லம்மாள் படத்தில் சேலை முடிந்தது, கை முடிந்தது, நகை முடிந்தது. முகத்தை இரண்டு முறை எழுதி, இரண்டு முறையும் டர்பன்டைன் போட்டுத் துடைத்துவிட்டேன். துடைத்த இடம் பழுப்பாக நிற்கிறது.

வேறு ஆள் வைத்துப் பார்க்காமல் இல்லை. நாடகக் கம்பெனியில் தோழி வேஷம் கட்டும் பெண் ஒருத்தி வந்தாள். வெற்றிலையை மென்றுகொண்டே உட்கார்ந்தாள். "எவ்வளவு நேரம்லா செத்தவ மாதிரி இருக்கிறது? மூக்கு அரிக்குதுங்க" என்றாள். பழனியப்பன் அவளைப் பார்த்தார், குடையை எடுத்தார், போய்விட்டார். மீரா சாகிப்பிடம் ஒரு பேச்சுக்கு, அவர் மனைவி காமாரியா வந்து உட்காருவாரா என்று கேட்டேன். "கேட்டுத்தான் பாருமே, அப்புறம் சுவர்ல மாட்டுறது உம்ம படமாத்தான் இருக்கும்" என்றார்.

செப்டம்பர் பன்னிரண்டு முதல் வருஷத் திதி. நல்லம்மாளின் தங்கை நவமணி நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வருகிறாள். தாயாருக்கு உடம்பு முடியாது; அவளுக்காகச் சிறிதாக ஒரு நகலும் வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

இரண்டு நாள் வந்து உட்கார். போதும்.

கார்த்திகேசு


நிபோங் திபால்
13-8-1932

கிழவர் ஆசீர்வாதம் செய்தது அவர் கையால். அது அவருடையது. அவர் யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். நான் வாங்கிக்கொண்டது தப்பென்றால் அது என்னோடு போகும். மன்னிப்பு நல்லம்மாளுடையது. பெட்டியைத் திறந்து சேலையை எடுத்தது போல அதையும் எடுத்துவிட்டோம்.

செத்தவர்களை நீங்கள் முகத்தால் தேடுகிறீர்கள். நான் அவர்களை ரவிக்கையால்தான் அறிவேன். ஒருத்தியின் ரவிக்கையில் தையலை ஒரு முறை தளர்த்தி மறுபடி இறுக்கியிருந்தது. பிள்ளைக்குப் பால் கொடுத்திருக்கிறாள், பிள்ளை நிலைக்கவில்லை. ஒருத்தியுடையதில் பட்டன் எல்லாம் புருஷன் சட்டையிலிருந்து எடுத்துத் தைத்தவை. யாரும் எனக்குச் சொல்லவில்லை. உடுத்தினால் தெரியும்.

நல்லம்மாளுடையவற்றில் ஒன்றுகூடக் குட்டைக் கை இல்லை. இந்த வெக்கையில் எல்லாம் மணிக்கட்டு வரைக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய ரவிக்கைகளுக்குக்கூட வேறு துணியை வெட்டி ஒட்டுப் போட்டு நீட்டியிருக்கிறாள். ஒட்டுப் போட்ட இடம் முழங்கைக்கு மேல் உரசிக்கொண்டே இருந்தது. உங்களிடம் சொன்னேன். "அசையாதே" என்றீர்கள். பழனியப்பன் தரையில் உட்கார்ந்து சொன்னபோதுதான் அந்த ஒட்டு எதற்கென்று தெரிந்தது. தெரிந்த அதே நேரத்தில் மன்னித்தும் ஆகிவிட்டது. ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட நான் அவளுக்காகக் கோபப்படவில்லை.

என் முகத்தில் என்னவோ வந்தது என்கிறீர்களே. எனக்குத் தெரியாது. வெட்கமாக இருக்கலாம்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். கல்யாணமான வருஷம் ஆயர் ஈத்தாமில் குடியிருந்தபோது ஒரு நாள் தலை துவட்டிக்கொண்டிருந்தேன். "அப்படியே நில்" என்றீர்கள். எழுதினீர்கள். நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று உங்களிடம் சொன்னதில்லை. ஒரு மாதம் கழித்து அதற்குக் கீழே தாமரை வந்தது, இன்னும் இரண்டு கை முளைத்தது, லட்சுமியாக ஜவுளிக் கடைக்குப் போய்விட்டது. என்னை நானாகவே ஒன்று எழுதி வையுங்கள் என்று கேட்டேன். "அடுத்தது" என்றீர்கள். அதற்கப்புறம் எத்தனை வீட்டுச் சுவரில் எனக்கு மாலை போட்டிருக்கிறார்கள். பினாங்கு ஸ்திரீட்டில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது என் படத்துக்குக் கீழேயே எனக்குப் பாய் போட்டார்கள். அந்த வீட்டு மாமியார் என்னை நிமிர்ந்து பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், "அந்தாண்ட உட்காரும்மா" என்றாள். நீங்கள் சிரித்தீர்கள்.

வருகிறேன். ஒன்று செய்யுங்கள். நல்லம்மாளின் ரவிக்கைக் கையைக் குட்டையாக்குங்கள். இடது கையை மடியிலிருந்து வெளியே எடுங்கள். தழும்பை எழுதுங்கள். அப்படியானால் முகத்துக்கு உட்காருகிறேன்.

வடிவம்மாள்


பிட் ஸ்திரீட்
18-8-1932

வடிவு,

பூ சாத்தி விளக்கேற்றும் படத்தில் தழும்பா? திதிக்கு நாலு தெரு ஜனம் வந்து விழுந்து கும்பிடும். அவர்கள் கண்ணுக்கு நேரே சூடு பட்ட கை. அதன் அடியில் என் கையெழுத்து. நீ யோசித்துத்தான் எழுதினாயா? படம் எழுதச் சொன்னவனிடம் போய், நீ செய்ததைச் சேர்த்து எழுதட்டுமா என்று நான் கேட்க வேண்டுமா?

நான் சாட்சிக்காரன் இல்லை. ஓவியன். இருந்ததை எழுதுவது என் வேலையானால் பழுப்பேறிய பல்லையும் அம்மைத் தழும்பையும் எழுதியிருக்க வேண்டும். யாராவது கேட்டார்களா? போனவள் நன்றாக இருந்தாள் என்று ஒரு சுவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதைச் செய்து கொடுக்கிறேன். நீயும்தான் செய்து கொடுத்தாய், முகம் கோணாமல், இத்தனை காலம்.

பழனியப்பன் இன்னும் வருகிறார். படத்தைப் பார்ப்பதில்லை. நீ உட்காரும் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மீரா சாகிப் காதோடு கேட்கிறார், "ஓய், அந்த நாற்காலிக்கே சட்டம் போட்டுக் கொடுத்துடட்டுமா?" எனக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்று பழனியப்பன், உன் அண்ணன் எந்தத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருக்கிறார் என்று கேட்டார். நான் சொல்லவில்லை.

உன்னைப் பார்த்தேனே தவிர உனக்கு ஒன்றும் செய்யவில்லை என்பதுதானே உன் வருத்தம். பார்ப்பதைத் தவிர எனக்கு என்ன தெரியும்? மற்றவர்கள் பெண்டாட்டிக்கு நகை வாங்கிப் போடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், தூங்கிவிடுகிறார்கள். நான் பார்த்தேன். அது போதவில்லை என்று இவ்வளவு வருஷம் கழித்துச் சொல்கிறாய்.

ஜவுளிக் கடை லட்சுமியை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. அந்த மாதம் வீட்டில் அரிசி இல்லை.

கார்த்திகேசு


நிபோங் திபால்
24-8-1932

சொல்லவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அவர் இங்கே வந்தார்.

திங்கட்கிழமை. அண்ணன் வேலைக்குப் போயிருந்தார். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து ஆட்களை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள், அவர்கள் குடியிருந்த லயம் பாதி காலி. தெரியாத ஆள் குடையோடு வந்தால் ஆள் குறைக்க வந்தவர் என்றுதான் எல்லாரும் கதவைச் சாத்துகிறார்கள். அண்ணியும் சாத்தப்போனாள். நான் வெளியே வந்தேன்.

"நல்லம்மா" என்றார்.

"என் பேர் வடிவம்மாள்."

"தெரியும்மா. எனக்கு என்ன பைத்தியமா? கொஞ்ச நேரம் அப்படி இருந்தாப் போதும். பேசக்கூட வேணாம்."

"இருந்தா என்ன செய்வீங்க?"

"இன்னும் ஒண்ணு சொல்லாம இருக்கு."

நான் சரி என்று சொல்லவில்லை. அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். குரலை மாற்றவில்லை, அரிசி விலை சொல்வது போலச் சொன்னார். நல்லம்மாளின் அப்பா செத்ததாகத் தந்தி வந்ததாம். ஊருக்குப் போகணும் என்று காலில் விழுந்தாளாம். "கப்பல்ல இடம் இல்லைன்னேன். இடம் இருந்துச்சு. தாய் வீட்டுல தலைக்கு ஊத்துறப்போ கையைப் பார்த்துடுவாங்களே. அதுக்கப்புறம் ஒவ்வொரு வருஷமும் கேட்டா. ஒவ்வொரு வருஷமும் ஒண்ணு சொன்னேன். அப்புறம் கேக்கிறதை விட்டுட்டா. கடுதாசி போடுறதையும் விட்டுட்டா." பிறகு என் முகத்தைப் பார்த்தார். "அதுக்கும் ஒரு வார்த்தை."

தூணைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்கு மாடியில சொன்னது நான்தாங்க. நல்லம்மா இல்லை. அது செல்லாது. திரும்ப எடுத்துக்கிறேன்."

"சொன்னதை எப்படிம்மா எடுக்கிறது?"

"எடுத்துட்டேன்."

குடையைக் கை மாற்றிப் பிடித்தார். "அப்ப யாரு சொல்லுவா?" என்றார்.

"யாரும் இல்லைங்க."

அண்ணி ஒன்றும் புரியாமல் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள். நின்றபடியே குடித்தார். "நல்ல காப்பி" என்று அவளிடம் சொன்னார். குடையை விரிக்காமல் மழையில் நடந்து போனார்.

அண்ணன் வந்து விஷயம் கேட்டுச் சத்தம் போட்டார், என்மேல். தோட்டத்துக் கடைக்கு அரிசி பழனியப்பன் மண்டியிலிருந்துதான் வருகிறது.

இத்தனை தோட்டம் இருக்கும் ஊரில், இத்தனை லயத்துக்குப் பின்னால் இருக்கும் ஒரு கிராணி வீட்டை அவர் யாரையும் கேட்காமல் வந்து சேர்ந்தார். எப்படி என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வடிவம்மாள்


பிட் ஸ்திரீட்
27-8-1932

நான்தான் சொன்னேன். காகிதத்தில் வழி எழுதிக்கூடக் கொடுத்தேன்.

கெஞ்சினால் நீ இரங்குவாய் என்று நினைத்தேன். இரங்கி வந்துவிடுவாய் என்று. அது முழுசும் இல்லை. அவர் உன் முன்னால் நின்றால் அந்த முகம் மறுபடி உனக்கு வரும், அதோடேயே வருவாய் என்று நினைத்தேன்.

எழுதிப் பார்த்தால் கேவலமாக இருக்கிறது. இதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றிருந்தேன். கிழிக்கவில்லை.

நல்லம்மாளின் அப்பா விஷயம் எனக்குத் தெரியாது. அதை நம்பு.

உன் முகம் மறந்துகொண்டே வருகிறது என்று ஒரு பயம். வேறொன்றும் இல்லை.

கா.


நிபோங் திபால்
31-8-1932

நம்புகிறேன். நீங்கள் பொய் சொல்லத் தெரியாதவர் இல்லை, ஆனால் அதிக நாள் வைத்திருக்க மாட்டீர்கள்.

நான் வரவில்லை. கையைத் திறந்து எழுதினாலும் இனி வரவில்லை.

ஒன்று கேட்கிறேன். கல்யாணமான நாளாக எழுதுங்கள் என்றுதான் கேட்டிருக்கிறேன். எழுதாதீர்கள் என்று கேட்பது இது முதல் தடவை. அந்த முகத்தை எழுதாதீர்கள். துடைத்த இடம் துடைத்ததாகவே இருக்கட்டும். முகம் கிடைக்கவில்லை என்று சொல்லிக் கொடுத்துவிடுங்கள். ஒரு படம் முடியாததால் உங்கள் பேர் போய்விடாது.

நான் எடுத்துக்கொண்ட சொல்லை நீங்கள் மறுபடி சுவரில் மாட்டிவிடாதீர்கள். அங்கே அது தினமும் சொல்லிக்கொண்டே இருக்கும்.

வடிவம்மாள்


பிட் ஸ்திரீட்
6-9-1932

வடிவு,

எழுதிவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று நாற்காலியைத் தூக்கி வெளியே போட்டேன். எழுதக்கூடாது என்றுதான் போட்டேன். மாடி காலியாக இருந்தது. கண்ணை மூடினேன். எல்லாம் இருந்தது. இடது புருவம் கொஞ்சம் இறங்கியது, உதடு ஒட்டியிருந்து பிரிந்தது, சொல்லுக்கு முன்னால் நீ என்னைப் பார்த்த பார்வை. ஒன்றுகூட மறக்கவில்லை. தூரிகையை எடுத்தேன். எடுத்த பிறகு நிறுத்த முடியவில்லை. மதியம் ஆரம்பித்தது, விளக்கு வைப்பதற்குள் முடிந்துவிட்டது.

இவ்வளவு நல்ல முகம் நான் எழுதியதில்லை. நீ உட்கார வேண்டியதே இல்லை என்று தெரிந்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

பழனியப்பன் வந்தார். கதவருகிலேயே நின்றார். "சொல்லிட்டா" என்றார். "அந்தம்மா எடுத்துக்கிட்டாலும் இவ எடுக்கலை." பிறகு பக்கத்தில் போய்ப் பார்த்தார். மீரா சாகிப் சட்டத்தைக் கொண்டுவந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு அதைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். இறங்கிப் போகும்போது, "அவங்க வீட்டுல இல்லாதப்ப இதை எழுதினீரே" என்றார். அவரிடமிருந்து ஒரு கேலியும் வராதது இதுதான் முதல் தடவை.

நவமணி வந்து இறங்கிவிட்டாள். அவளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். சின்னப் பெண். அழுதாள். "அக்கா மூஞ்சி எனக்கு நினைவில்லைங்க. கல்யாணம் ஆகிக் கப்பல் ஏறினப்ப நான் பாவாடை கட்டிக்கிட்டிருந்தேன். இப்படியா இருந்துச்சு? அம்மாகிட்ட இதைக் காட்டணும். அம்மாவுக்கு இன்னும் ஆத்திரம் தீரலை. அப்பா செத்ததுக்குக்கூட வரலை, வசதி வந்ததும் பெத்தவங்களை மறந்துட்டா, அவ எனக்குப் பொண்ணே இல்லைன்னு சொல்லிடுச்சு. சாவுச் சேதி வந்தப்பவும் அழலை. இந்த மூஞ்சியைப் பார்த்தா அழுதுடும். பார்த்தா யாருக்கும் கோபம் வராதுங்க."

கப்பலில் இடம் இருந்தது என்று நீ எழுதியிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது. பழனியப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

சொல்லி என்ன? யோசித்துப் பார். ஒரு கிழவி சாகிற வயதில் மகளை நினைத்து அழப்போகிறாள். உண்மையைச் சொன்னால் அவளும் அந்தச் சிம்னியைக் கையில் வாங்கிக்கொண்டு சாவாள். படம் அவளுக்கு மகளைத் திருப்பிக் கொடுக்கிறது. அவளுக்கான நகலில் ஈரம் காய்ந்துகொண்டிருக்கிறது. பதினாலாம் தேதிக் கப்பலில் போகிறது.

இதை இத்தோடு விட்டுவிடு. விட்டுவிட்டு வா. உன்னை நீயாகவே ஒன்று எழுதித் தருகிறேன். இந்தத் தடவை உண்மையாகவே.

கார்த்திகேசு


நிபோங் திபால்
9-9-1932

அந்த அம்மா அழுவாள் என்கிறீர்கள். அழுவாள். என் முகத்தைப் பார்த்து, பெற்றவளை மறந்துபோன மகளை மன்னித்து அழுவாள். நல்லம்மாள் மறக்கவில்லை. காலில் விழுந்து கேட்டாள், ஒவ்வொரு வருஷமும் கேட்டாள். செய்யாத தப்புக்கு அவளுக்கு மன்னிப்பு கிடைக்கப்போகிறது. செய்தவருக்கு முன்பே கிடைத்துவிட்டது. இரண்டும் என் முகத்தால்.

கிழவிக்கு நோகும் என்கிறீர்கள். நோகும். எனக்கு அது தெரியாமல் இல்லை. மூன்று நாளாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். மகள் தன்னை வேண்டாமென்று விட்டாள் என்ற நோவு அவளுக்கு இப்போதே இருக்கிறது. இரண்டில் எது தாங்க முடியும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. உங்களாலும் முடியாது. அவளுடைய இளைய பெண் இங்கே வந்திருக்கிறாள். அவள் சொல்லட்டும்.

அண்ணனிடம் சொன்னேன். "போகாதே" என்றார். பிறகு, "போனால் இங்கே திரும்பி வரலாமான்னு கேக்காதே, வா" என்றார். அண்ணி கட்டுச்சோறு கட்டித் தருகிறேன் என்கிறாள். பயமாகத்தான் இருக்கிறது. நவமணி என்னை நம்பாமல் போகலாம். யாரோ ஓவியன் பெண்டாட்டி, புருஷனோடு சண்டை, வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள் என்று பழனியப்பன் வீட்டார் சொல்வார்கள். சொல்லட்டும்.

என்னை நானாகவே ஒன்று எழுதித் தருவதாகச் சொல்கிறீர்கள். எதிரில் இல்லாமலே உங்களால் எழுத முடிகிறது. அதனால் கேட்பதற்கு இனி எனக்கு ஒன்றும் இல்லை. எழுதினால் கீழே பெயர் போடுங்கள்.

திங்கட்கிழமை வருகிறேன். உட்கார இல்லை.

வடிவம்மாள்


செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி காலை வடிவம்மாள் தனியாக ரயிலேறி, பிறை ஸ்டேஷனில் இறங்கி, படகில் பினாங்குக்கு வந்தாள். பழனியப்பன் வீட்டில் படையல் முடிந்து இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் படம் இருந்தது. வந்திருந்த பெண்கள் படத்தையும் அவளையும் பார்த்துப் பேச்சை நிறுத்தினார்கள். கார்த்திகேசு எழுந்து நின்றார். அவள் அவரைத் தாண்டிப் போய், இலைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த நவமணியைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டாள். தான் யார் என்று முதலில் சொன்னாள். பிறகு அவளுடைய அக்கா ஏன் ஊருக்கு வரவில்லை என்பதைச் சொன்னாள்.